என்ஜின் நின்ற பிறகு நான்கு நிமிடங்கள்

(சின்ன காஞ்சிபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாடப்பொருளை வாழ்க்கையோடு இணைத்தல்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது விமானம். பட்டுத் தறி ஓடும் ஊரில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பிள்ளைகள்தான் என் கையில் கொடுத்தார்கள்.

2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா வகைச் சிறிய பயிற்சி விமானம் ஒன்று வானில் கோளாறு ஏற்பட்டு, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மறுநாள் நவம்பர் 14, குழந்தைகள் நாள். அன்று தாம்பரத்தை அடுத்த திருப்போரூர் அருகே விமானப் படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார். அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு செய்தி. இரண்டின் படமும் பிள்ளைகளின் வீட்டுக் கைப்பேசிகளில் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் நான் நுழைந்ததும் வந்த முதல் கேள்வி இது: "சார், என்ஜின் நின்னுட்டா ப்ளேன் கல்லு மாதிரி கீழ விழுந்துடுமா?"

விழாது, சறுக்கும்

இந்தக் கேள்விக்கு விடை "விழாது". பெரியவர்களில் பலருக்கும் இது வியப்பாக இருக்கும். விமானத்தைத் தூக்கி நிறுத்துவது என்ஜின் அன்று, இறக்கை. இறக்கையைச் சுற்றிக் காற்று போதிய வேகத்தில் ஓடும்வரை மேல்நோக்கு விசை இருக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் என்ஜினின் வேலை. என்ஜின் நின்றுவிட்டால் வேகத்துக்கு வேறு வழி வேண்டும். மிதிப்பதை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிற பிள்ளைக்கு அந்த வழி தெரியும். உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்க வேண்டும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதுதான் இது.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் என்ஜின் இல்லாமல் ஓர் அடி உயரத்தை இழக்கும்போது ஏறத்தாழ 9 அடி முன்னே போகும். அதாவது 9:1 என்ற விகிதம். அதற்கு ஏற்ற வேகம் சுமார் 65 நாட், நம் கணக்கில் மணிக்கு 120 கிலோமீட்டர்.

இதில் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. விமானம் இறங்கத் தொடங்கியதும் மனிதக் கை தானாகக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கப் பார்க்கும், மூக்கை மேலே தூக்கினால் மேலே போகலாம் என்ற எண்ணத்தில். அப்படிச் செய்தால் வேகம் குறையும். இறக்கை மேல்நோக்கு விசையை இழக்கும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் விமானம் உண்மையாகவே விழும். பிழைக்க வேண்டுமானால் மூக்கைக் கொஞ்சம் கீழே தாழ்த்த வேண்டும். பயம் செய்யச் சொல்வது ஒன்று, பிழைக்கச் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். அறிவுக்கு இது தெரிந்தால் போதாது, கைக்கும் பழகியிருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்து வரைபடத்தில் ஒரு வட்டம்

முதலில் காகித விமானம் செய்தோம். தோள் உயரத்தில், ஒன்றரை மீட்டரிலிருந்து மெதுவாக விட்டு, அது போன தூரத்தை அளந்தோம். 6 மீட்டர் போனால் விகிதம் 4:1. யாருடைய விமானம் நல்ல சறுக்கு விகிதம் கொண்டது என்று பார்க்க, எந்தக் குழுவும் சொல்லாமலே வகுத்தல் கணக்குப் போட்டது.

அடுத்து நம் மாவட்ட வரைபடத்தை விரித்தோம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு மேலே 3,000 அடியில் பறக்கும்போது என்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். 3,000 அடி என்பது ஏறத்தாழ 914 மீட்டர். அதை ஒன்பதால் பெருக்கினால் 8,200 மீட்டருக்குச் சற்று மேல். கவராயத்தை எடுத்து 8 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டார்கள். அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளம் வட்டத்துக்கு வெகு வெளியே. வாலாஜாபாத்தும் வெளியே. பாலாறும் நத்தப்பேட்டை ஏரியும் உள்ளே. நேரம் எவ்வளவு? மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 2 கிலோமீட்டர். 8 கிலோமீட்டருக்கு 4 நிமிடம். நம் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கு.

"எங்கே இறக்குவீர்கள்?" என்று கேட்டேன். நான் எதிர்பாராத அளவுக்கு வகுப்பு சூடு பிடித்தது. பாலாற்று மணல் என்றான் ஒருவன். மணலில் முன்சக்கரம் புதைந்து குப்புறக் கவிழும் என்றாள் ஒருத்தி. ஏரி என்றார்கள், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்டார்கள். நெல் வயல் என்றார்கள். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலா, அறுவடை முடிந்த தரிசா, வரப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேள்வி வந்தது. நெடுஞ்சாலை என்றதும், "ரோட்டோரம் கரண்டுக் கம்பி இருக்குமே, வண்டி வருமே" என்றான் பின்வரிசைப் பையன். அவன் வகுப்பில் அதுவரை வாய் திறந்ததே அரிது. வயலையும் ஏரியையும் பற்றிக் கேட்டபோது அவன்தான் அறிஞன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மேலிருந்து எப்படித் தெரியும் என்றேன். "சூளைப் புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்தா போதும் சார்" என்றான். விமானிகளும் புகையைத்தான் பார்க்கிறார்கள். காற்றை எதிர்த்து இறங்கினால் தரைக்கு ஒப்பான வேகம் குறையும், அடியும் குறையும்.

வரிசை மாறாத ஐந்து வேலைகள்

அந்த நான்கு நிமிடத்தில் விமானி செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, இறங்குமிடத்தைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்ப வேண்டும். மூன்றாவது, காரணத்தைத் தேட வேண்டும்: எரிபொருள் வால்வு சரியாக இருக்கிறதா, வேறு தொட்டிக்கு மாற்றலாமா, பம்பும் பற்றவைப்புச் சுவிட்சும் போட்டிருக்கிறதா என்று. நான்காவதாகத்தான் வானொலியில் "மேடே, மேடே, மேடே" என்ற உதவிக் குரல். ஐந்தாவது, என்ஜின் திரும்ப ஓடாது என்று உறுதியானால் எரிபொருளை அடைத்து, பெல்ட்டை இறுக்கி, தரையில் மோதும்போது கதவு சிக்கிக்கொள்ளாதபடி முன்கூட்டியே தாழ் நீக்கி, மின்சாரத்தை அணைக்க வேண்டும்.

உதவி கேட்பது ஏன் நான்காவது இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். வானொலியில் பேசிக்கொண்டே வேகத்தை இழந்துவிட்டால், உதவி வரும்போது உதவுவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். முதலில் பறக்கவேண்டும், பிறகு வழி பார்க்கவேண்டும், அதன் பிறகு பேசவேண்டும் என்பது உலகெங்கும் விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம்.

தறியில் பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, நிதானமாக முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி நெய்யலாம். வானத்தில் நிறுத்த முடியாது. ஆகவே நிதானத்தை முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.

தரையிலேயே தடுப்பது

என்ஜின் ஏன் நிற்கிறது என்று பார்த்தால், நம் அறிவியல் பாடநூலின் பாதி அதில் இருக்கிறது. சிறிய விமானத்தின் பெட்ரோல் நீல நிறச் சாயம் இட்டது. புறப்படும் முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிய கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கீழே தங்கித் தனியே தெரியும். அடர்த்தி பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கார்புரேட்டர் உள்ள என்ஜின்களில் வெயில் நாளிலும் உள்ளே பனிக்கட்டி படியக்கூடும். எரிபொருள் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது உறைந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். ஒரு பற்றவைப்பு அமைப்பு பழுதானாலும் மற்றொன்று ஓட்டும்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறி பிளக் வைத்திருப்பார்கள்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு சேதி. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. தொட்டியில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. ஒரு லிட்டரின் எடை சுமார் 0.8 கிலோ. ஆனால் கணக்குப் போட்டவர்கள் பவுண்டுக்கு உரிய 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டு, விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். சுமார் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு என்ஜினும் அடுத்தடுத்து நின்றன. என்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியிருந்த கேப்டன் பாப் பியர்சன், கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் அதைச் சறுக்கி இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். "அலகு எழுதலைன்னா ஏன் சார் மார்க் குறைக்கிறீங்க?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு கதை போதும்.

ஆசிரியர்களை உருவாக்கும் வான்பள்ளி

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். நம்மிடமிருந்து அதிகத் தொலைவில்லாத தாம்பரத்தில் விமானப் படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பள்ளி அது. ஒன்றைத் தெரிந்திருப்பது வேறு, கற்பிப்பது வேறு என்பதை நம் பி.எட். கல்லூரிகளைப் போலவே அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பறத்தல் பயிற்றுநர் என்ஜின் நிற்கும் பாடத்தை எப்படி நடத்துகிறார்? மாணவன் நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் என்ஜின் விசையைக் குறைத்துவிடுவார். "என்ஜின் நின்றுவிட்டது, என்ன செய்யப் போகிறாய்?" என்பார். மாணவன் அந்த ஐந்து வேலைகளையும் செய்து ஏதோ ஒரு வயலை நோக்கி இறங்குவான். பாதுகாப்பான உயரம் மீதமிருக்கும்போதே விசையைக் கூட்டி மேலே ஏறிவிடுவார்கள். தரைக்கு வந்த பிறகு உட்கார்ந்து பேசுவார்கள்: எந்த வயலைத் தேர்ந்தாய், ஏன், வேகம் எங்கே குறைந்தது என்று. திட்டு அதில் இல்லை. தனியாகப் பறக்க அனுமதிக்கும் முன் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

அந்த இருவருக்கும் இடையே இன்னொரு ஒழுங்கும் உண்டு. "கட்டுப்பாடு உன்னிடம்" என்று பயிற்றுநர் சொல்ல வேண்டும். "கட்டுப்பாடு என்னிடம்" என்று மாணவன் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் கையில் இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் கூடாது. சொன்ன பிறகு பயிற்றுநர் கையை எடுத்துவிட வேண்டும். மாணவன் சற்றுத் தடுமாறினாலும் பொறுத்திருக்க வேண்டும், ஆபத்து எல்லைக்கு முன் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் அவன் கற்கமாட்டான், தாமதித்தால் இருவரும் இருக்கமாட்டார்கள். சோதனைக் குழாயைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாமும் பிடித்துக்கொண்டே நிற்கிறோமே, அங்கே இதை நினைத்துப் பார்க்கலாம்.

பழி யாருக்கு?

ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். நம் விமானப் படையில் பல்லாண்டுகள் இளம் விமானிகள் முதன்முதலில் பறக்கக் கற்றது எச்.பி.டி. 32 தீபக் என்ற உள்நாட்டுத் தயாரிப்பில். 1977-ல் முதன்முதலாகப் பறந்த விமானம் அது. பறக்கும்போது என்ஜின் நின்றுபோகும் கோளாறு அதில் மீண்டும் மீண்டும் வந்தது. இருக்கையோடு வெளியேறும் வசதி கிடையாது. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தார்கள். 2009 ஜூலையில் மேதக் அருகே பயிற்றுநர்கள் இருவர் இறந்த பிறகு அது பறப்பதே நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு 2013-ல் பிலாட்டஸ் வந்தது. தொடக்கத்தில் சொன்ன திருப்போரூர் விமானம் அந்த வகைதான். அதில் வெளியேறும் இருக்கை இருந்ததால்தான் விமானி இன்று உயிரோடு இருக்கிறார்.

எவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்தாலும் பொறியின் குறையைப் பொறியில்தான் திருத்த வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். கூரை வேய்ந்த இடத்தில் வகுப்பு, ஒடுங்கிய வழி. அந்தப் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியாமல் இல்லை, ஓட வழி இல்லை. ஆகவே தீத்தடுப்பு ஒத்திகை நடத்துவது ஒரு பாதி வேலை. மாடிப்படியின் அடியில் உடைந்த பெஞ்சு அடுக்கி வைக்காமல் இருப்பதும், பின்வாசல் பூட்டின் சாவி யாரிடம் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதும் மறு பாதி. பதிவேட்டுக்காக நடத்தும் ஒத்திகையில் மணி எப்போது அடிக்கும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். ஒருமுறை சொல்லாமல் அடித்துப் பாருங்கள். எந்த வகுப்பு எந்தப் படியில் நெருக்கிக்கொள்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

என்ஜின் ஓடும்போதே வயலைப் பார்த்து வை

விமானிகளுக்கு ஒரு பழக்கம் ஊட்டப்படுகிறது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, "இந்த நிமிடம் என்ஜின் நின்றால் எங்கே இறங்குவேன்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். வயலைத் தேடத் தொடங்குவது என்ஜின் நின்ற பிறகு அன்று.

நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மேலே ஏறுவதை மட்டுமே அவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். தேர்வு முடிவு வரும் காலையில் ஒரு பிள்ளைக்கு என்ஜின் நின்றுபோகிறது. கீழே பார்த்தால் அதன் கண்ணுக்கு ஒரு வயலும் தெரியவில்லை. நாம் காட்டி வைக்கவில்லை. சில வீடுகளில் அந்த நாள் எப்படி முடிந்தது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், நான் விரித்துச் சொல்லப் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். தேர்வுக்கு முன்பே, நன்றாகப் படிக்கும் பிள்ளை, தடுமாறும் பிள்ளை என்று பிரிக்காமல், முழு வகுப்புக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தவறிய பாடத்தைத் துணைத்தேர்வில் அதே ஆண்டில் எழுதலாம் என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரக்கூடிய தொழிற்பிரிவுகள் ஐ.டி.ஐ.யில் உண்டு என்று சொல்லுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்குக்குப் போகவும் வழி உண்டு. கல்வி உதவி எண் 14417, மருத்துவ, மனநல ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த மூன்றையும் சுவரில் எழுதிப் போட்டால் மட்டும் போதாது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கூடவே வரிசையையும் சொல்லிக் கொடுங்கள். முதலில் மூச்சை நிதானப்படுத்து. அன்றைக்கே எந்த முடிவும் எடுக்காதே. கையில் இருக்கும் வழிகளைப் பார். பிறகு ஒருவரிடம் பேசு. அந்த ஒருவர் யார் என்று இப்போதே பெயர் எழுதி வை. அந்தப் பெயர் உங்களுடையதாக இருந்தால், முடிவு வரும் நாளில் கைப்பேசியை அணைத்து வைக்காதீர்கள்.

நார்த்தாமலைச் சாலையில் இறங்கிய விமானம் போய்ச் சேர வேண்டிய இடம் சேரவில்லை, சேதமும் ஆனது. உள்ளிருந்த இருவரும் வீடு திரும்பினார்கள். அதைத் தோல்வி என்று எந்த விமானியும் சொல்லமாட்டார்.